அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் 2,92,905 ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

கரந்தைமகள்
2 ஆகஸ்ட் 2025, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அப்பா மத்திய அரசுத் துறை ஒன்றில் எழுத்தராக இருந்து 1996 ஜூனில் ஓய்வு பெற்றார். 2009இல் காலமானார். அதிலிருந்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஒரு பொதுத்துறை வங்கி வழியாக வருகிறது. அடிப்படை 11,250. எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் ஓய்வூதியம், டி.ஏ. (அகவிலைப்படி) எல்லாம் சேர்த்து ஜூன் மாதம் 22,669 ரூபாய் வந்தது. ஜூலை 31 அன்று ஏறியது வெறும் 11,626.

கிளைக்குப் போனேன். அம்மாவின் பிறந்த தேதி அவர்களுடைய பதிவில் தவறாக இருந்ததாம். 1938 என்று இருந்ததால் 2018 ஜூனிலிருந்தே கூடுதல் ஓய்வூதியம் போய்விட்டதாம். உண்மையில் அம்மா பிறந்தது 1943 மார்ச். அதனால் 2,92,905 ரூபாய் திரும்பக் கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் மாதாமாதம் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு பிடிப்போம் என்கிறார்கள். இதைப் பற்றி ஜூலை 9 தேதியிட்ட கடிதம் ஒன்று வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்.

இப்போது ஒரு ஒப்புதல் கடிதம் நீட்டுகிறார்கள். "கூடுதலாகப் பெற்றதை ஒப்புக்கொள்கிறேன், தவணையில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று அதில் இருக்கிறது. திங்கட்கிழமை அம்மாவை அழைத்து வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மாத்திரைக்கே மாதம் 4,000 ரூபாய் ஆகிறது. அம்மா ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "எனக்குத் தெரியாம நான் என்னடி திருடினேன்?"

கையெழுத்துப் போடலாமா?


பழைய கருவூலர்
2 ஆகஸ்ட் 2025, காலை 9:05

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் இது திருட்டு இல்லை என்று சொல்லுங்கள். நான் சார்நிலைக் கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பணிக்காலத்தில் இப்படி எத்தனையோ கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஓய்வூதியர் பொய் சொல்லிப் பணம் வாங்கியது மிக மிகக் குறைவு. பெரும்பாலும் பதிவு செய்த கைதான் தவறியிருக்கும்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால் பிறகு நீங்கள் எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் காட்டுவார்கள். தொகை சரிதானா என்று பார்க்கும் முன்பே தொகையை ஒப்புக்கொள்வது எந்தக் கணக்கிலும் முறையில்லை.

மூன்று விஷயம் சொல்லுங்கள். அப்பா காலமானபோது அவருக்கு என்ன வயது? அப்பாவின் பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) புத்தகம் வீட்டில் இருக்கிறதா, அதில் அம்மாவின் பிறந்த தேதி என்ன என்று எழுதியிருக்கிறது? வங்கி கொடுத்த கடிதத்தோடு மாதவாரியான கணக்குத் தாள் இருக்கிறதா?

முதல் கேள்வி ஏன் என்றால், குடும்ப ஓய்வூதியத்தில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு உண்டு. ஓய்வூதியர் இறந்த பிறகு ஏழு ஆண்டுகளுக்கு, அல்லது அவர் உயிரோடு இருந்தால் 67 வயது ஆகியிருக்கும் நாள் வரைக்கும், எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதத்தில் கொடுப்பார்கள். அதன் பிறகு சம்பளத்தில் 30 சதவீதமாகக் குறைக்க வேண்டும். அந்த முடிவுத் தேதியைப் பதிவில் ஏற்றாமல் விட்டு, பத்து வருடம் கழித்துக் கண்டுபிடித்து, விதவைகளிடம் லட்சக்கணக்கில் கேட்பது நிறைய நடக்கிறது. உங்கள் கணக்கில் அதுவும் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.


வரிப்பணம்
2 ஆகஸ்ட் 2025, காலை 10:22

வயதான அம்மாவின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உரிமை இல்லாத பணம் வந்திருக்கிறது, அது அரசாங்கப் பணம். 2012இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது: கூடுதலாகப் போனது மக்களின் வரிப்பணம், அது அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை. ஏழு வருடம் மாதாமாதம் வாங்கியபோது 75 வயதில் 80 வயதுக்கான தொகை ஏன் வருகிறது என்று யாரும் யோசிக்கவில்லையா?


கரந்தைமகள்
2 ஆகஸ்ட் 2025, மதியம் 1:48

வரிப்பணம் சார், நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். வங்கிப் புத்தகத்தில் வருவது ஒரே ஒரு மொத்தத் தொகை. அதில் அடிப்படை எவ்வளவு, டி.ஏ. எவ்வளவு, வயதுக்கான கூடுதல் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சீட்டு ஒரு முறைகூட எங்கள் கைக்கு வந்ததில்லை. 2018 ஜூனில் தொகை ஏறியபோது, "டி.ஏ. ஏத்திட்டாங்க போல" என்று அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் டி.ஏ. ஏறுவதும், நிலுவை சேர்ந்து வருவதும் வழக்கம்தானே.

பழைய கருவூலர் ஐயா, கேட்ட விவரங்கள்:

அப்பா காலமானபோது வயது 71. அதனால் நீங்கள் சொன்ன கூடுதல் விகிதம் எங்களுக்கு வரவே இல்லை. ஆரம்பத்திலிருந்தே 30 சதவீதம்தான்.

பி.பி.ஓ. கிடைத்துவிட்டது! அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்ஷூரன்ஸ் தாள்களுக்கு அடியில் இருந்தது. அதில் கணவர் பிறந்த தேதி 11.6.1938, மனைவி பிறந்த தேதி 3.3.1943 என்று தட்டச்சு எழுத்தில் தெளிவாக இருக்கிறது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வங்கியின் பதிவில் அம்மாவுக்கு இருந்த பிறந்த தேதியும் 11.6.1938. அது அப்பாவுடைய தேதி.

மாதவாரிக் கணக்கு எதுவும் தரவில்லை. மொத்தத் தொகை மட்டும் ஒரே வரியில் இருக்கிறது.


பழைய கருவூலர்
2 ஆகஸ்ட் 2025, மாலை 4:30

இதைத்தான் தேடினேன் தங்கச்சி. அந்த பி.பி.ஓ. புத்தகத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

நடந்தது இதுதான். ஓய்வூதியர் இறந்ததும் அதே கணக்கைக் குடும்ப ஓய்வூதியமாக மாற்றுவார்கள். பெயரை மாற்றி, விகிதத்தை மாற்றி, பிறந்த தேதியை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். கணினி அப்பாவின் வயதை வைத்து 2018 ஜூனில் தானாகவே 20 சதவீதம் சேர்த்துவிட்டது. உங்கள் அம்மா எழுதிக் கொடுத்த எந்தத் தாளிலும் தவறில்லை. துறையும் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறது. தவறு முழுவதும் பதிவு ஏற்றிய இடத்தில். இந்த வேறுபாடு பின்னால் மிக முக்கியமாக இருக்கும்.

இப்போது தொகைக்கு வருகிறேன். 2,92,905 என்ற எண்ணே எனக்குச் சரியாகப் படவில்லை. நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

வயதுக்கான கூடுதல் இப்படி: 80இல் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் 100. வயது நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து கணக்கு. தவறான தேதிப்படி 2018 ஜூனில் 20 சதவீதம் (2,250 ரூபாய்), 2023 ஜூனில் 30 சதவீதம் (3,375 ரூபாய்) ஆகியிருக்கிறது. இரண்டுக்கும் மேல் டி.ஏ.

சரியான தேதிப்படி அம்மாவுக்கு எண்பது நிறைந்தது 2023 மார்ச். அன்றிலிருந்து 20 சதவீதம் அவருக்கு உரிமையாகச் சேர வேண்டிய பணம்.

ஆக, 2018 ஜூன் முதல் 2023 பிப்ரவரி வரை 57 மாதம் வந்த முழுக் கூடுதலும் அதிகம்தான். டி.ஏ. அப்போது 7 சதவீதத்தில் தொடங்கி 9, 12, 17 என்று ஏறி, கொரோனா காலத்தில் 17இலேயே இரண்டு வருடம் நின்று, 2021 ஜூலையில் 31, பிறகு 34, 38, 42. கூட்டினால் 1,56,217 ரூபாய் 50 காசு. 2023 மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் வந்தது 20, வர வேண்டியதும் 20. அதிகம் ஏதுமில்லை. 2023 ஜூனிலிருந்து 2025 ஜூன் வரை 25 மாதம் வந்தது 30, வர வேண்டியது 20. அதிகம் 10 சதவீதம் மட்டுமே. அது 42,367 ரூபாய் 50 காசு.

மொத்தம் 1,98,585.

வங்கி கேட்பது 2,92,905. வித்தியாசம் 94,320 ரூபாய்! எப்படி வந்தது என்றால், அம்மாவுக்கு எண்பதே ஆகாதது போல ஜூன் 2025 வரை கொடுத்த கூடுதல் அத்தனையையும் அதிகம் என்று போட்டிருக்கிறார்கள். நான் அப்படியும் போட்டுப் பார்த்தேன், பைசா சுத்தமாக 2,92,905 வருகிறது.

ஜூலையில் 11,626 வந்ததற்கும் அதே காரணம்தான். 20 சதவீதத்தையும் சேர்த்து நீக்கிவிட்டு 17,437.50 என்று ஆக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்றைய தேதியில் உரிமையுள்ள தொகை 20,925. தேதியைத் திருத்த வேண்டிய இடத்தில், கூடுதல் என்ற வரியையே அழித்திருக்கிறார்கள். ஒரு தவறைத் திருத்தப் போய் இன்னொரு தவறு.

திங்கட்கிழமை ஒப்புதலுக்குப் பதிலாக ஒரு விண்ணப்பம் கொடுங்கள். "டியூ-டிரான் ஸ்டேட்மென்ட் வேண்டும்" என்று கேளுங்கள். மாதவாரியாகச் சேர வேண்டியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று இருக்கும் தாள். அந்தப் பெயரைச் சொன்னால்தான் அங்கே புரியும். கடிதத்தை வங்கியின் ஓய்வூதியச் செயலாக்க மையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிளையில் இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனால் கணக்கு அவர்கள் கையில் இல்லை.


கரந்தைமகள்
2 ஆகஸ்ட் 2025, மாலை 5:10

ஐயா, கை நடுங்குகிறது. 94,320 ரூபாயா? நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால்...

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.


தேரி ஆசிரியை
2 ஆகஸ்ட் 2025, இரவு 8:55

கையெழுத்துப் போட்டவள் நான். அதனால் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

அரசு உதவி பெறும் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்தேன். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தபோது தணிக்கை ஆட்சேபணை வந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்பு தேர்வுநிலைக்கான ஊதிய நிர்ணயத்தில் ஒரு ஊக்க ஊதியத்தை இரண்டு முறை சேர்த்துவிட்டார்களாம். பணிப்பதிவேட்டில் அந்தப் பக்கத்தை எழுதியது அலுவலக எழுத்தர், கையெழுத்துப் போட்டது அதிகாரி. ஆறு முறை அந்தப் பதிவேடு தணிக்கைக்குப் போய் வந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெறும் நேரத்தில் தெரிந்துவிட்டது.

"சம்மதக் கடிதம் கொடுத்தால்தான் ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும்" என்றார்கள். பெண்ணின் கல்யாணம் முடிவாகியிருந்த நேரம். கொடுத்துவிட்டேன். பணிக்கொடையில் 3 லட்சத்துக்கும் மேல் பிடித்தார்கள். பிறகு விசாரித்தால், என்னைப் போலவே இருந்த இன்னொரு ஆசிரியை சம்மதம் தராமல் உயர் நீதிமன்றம் போய் முழுப் பணத்தையும் வாங்கியிருக்கிறார். என் வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே அம்மா?"

கரந்தைமகள், கருத்துருவோ கணக்கோ எதைக் காட்டி அவசரப்படுத்தினாலும் அம்மாவை அந்தத் தாள் பக்கம் விடாதீர்கள்.


வைகைக்கரை வக்கீல்
3 ஆகஸ்ட் 2025, காலை 6:35

பழைய கருவூலர் ஐயா கணக்கைப் பிரித்த விதத்துக்குத் தலை வணங்குகிறேன். வழக்கறிஞர் கட்டணம் கொடுத்தாலும் கிடைக்காத வேலை அது. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

வரிப்பணம் சொன்ன 2012 தீர்ப்பு உண்மை. அது வந்த பிறகு, பிடிக்கலாம், பிடிக்கக் கூடாது என்ற இரு தரப்புத் தீர்ப்புகளையும் வைத்துக்கொண்டு 2014 டிசம்பர் 18 அன்று பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து சூழல்களைச் சொன்னது. இவற்றில் தவறாகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது: கீழ்நிலைப் பணிகளான 'சி', 'டி' பிரிவு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், அல்லது பிடிக்கச் சொல்லும் உத்தரவு வந்து ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள், உத்தரவுக்கு முன் ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கூடுதல் பணம் போயிருந்தால், மேல்பதவி வேலையை வாங்கிக்கொண்டு அதற்கான சம்பளம் கொடுத்திருந்தால், கடைசியாக, பிடிப்பது முதலாளியின் உரிமையைவிட ஊழியருக்குக் கொடுமையாக, நியாயமற்றதாக இருக்கும் என்று நீதிமன்றம் கருதும் எந்த வழக்கும்.

உங்கள் அப்பா எழுத்தர், அதாவது 'சி' பிரிவு. ஓய்வு பெற்றவரின் மனைவி. தவறு ஏழு வருடம் ஓடியிருக்கிறது. அம்மாவுக்கு வயது 82. எந்தச் சூழலிலும் அவர் பக்கம் வலுவாக இருக்கிறது. 2022 மே மாதம் கேரள ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. வாங்கியவர் ஏமாற்றவில்லை, தவறான தகவல் தரவில்லை என்றால், ஓய்வுக்குப் பிறகு பிடிப்பது சரியல்ல. இது அவருடைய உரிமை என்பதால் அல்ல, அவருக்கு நேரும் கஷ்டத்தை நீக்குவதற்காக நீதிமன்றம் தரும் நிவாரணம் என்றும் அங்கே விளக்கியிருக்கிறார்கள். வரிப்பணம் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரஃபீக் மசீஹ் தீர்ப்பை ஏற்று மத்திய அரசின் பணியாளர் துறை 2016 மார்ச் 2 அன்று ஒரு குறிப்பாணை போட்டது. இந்த ஐந்து சூழலில் தள்ளுபடி செய்யலாம், ஆனால் செலவினத் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று. அதனால் உங்கள் விண்ணப்பத்தில் "கருணை காட்டுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் குறிப்பாணையின் தேதியை எழுதித் தள்ளுபடி கேளுங்கள்.

வங்கிக்கு: ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில், ஓய்வூதியர்களிடம் கூடுதல் தொகையைப் பிடிப்பது பற்றிய தன் பழைய சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெற்றது. எப்படிப் பிடிப்பது என்று ஓய்வூதியம் அனுமதித்த துறையிடம் வழிகாட்டுதல் கேளுங்கள் என்று வங்கிகளுக்குச் சொன்னது. தவறு வங்கியுடையது என்றால், ஓய்வூதியரிடமிருந்து வசூலானதோ இல்லையோ, அந்தத் தொகையை வங்கி உடனே அரசுக்கு மொத்தமாகச் செலுத்திவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே உங்கள் கடிதத்தில் இரண்டே கேள்வி போதும். துறையிடம் வழிகாட்டுதல் கேட்டீர்களா, கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தின் நகல் எங்கே? பணத்தை அரசுக்குச் செலுத்திவிட்டீர்களா?

இன்னொன்று. அம்மாவின் ஆதார், பான் இதே வங்கியில் கே.ஒய்.சி.க்கு (அடையாளச் சரிபார்ப்புக்கு) கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா? அவற்றில் 1943 இருக்கிறதா?


கரந்தைமகள்
3 ஆகஸ்ட் 2025, காலை 8:12

இருக்கிறது சார். இரண்டிலும் 3.3.1943தான். 2014இல் கொடுத்த கே.ஒய்.சி. படிவத்தின் நகல்கூட இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கும்போதும் ஆதாரைக் காட்டித்தான் கொடுத்தோம். அவர்கள் கணினியில் ஒரு பக்கம் 1943, இன்னொரு பக்கம் 1938.

ஒரு சந்தேகம். கிளையில் ஒருவர், "அம்மா 2009இல் உறுதிமொழி கொடுத்திருக்கிறார், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று. அதனால் கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது" என்றார்.

என் தம்பி, ஓய்வூதியத்தை ஜப்தி செய்யவே முடியாது என்று சட்டம் இருக்கிறதே என்கிறான். அது சரியா?


வைகைக்கரை வக்கீல்
3 ஆகஸ்ட் 2025, இரவு 9:40

தம்பி சொல்வது 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 11ஆவது பிரிவு. கடன் கொடுத்தவர் நீதிமன்ற உத்தரவு வாங்கி ஓய்வூதியத்தை ஜப்தி செய்வதைத் தடுப்பது அது. ஓய்வூதியம் கொடுக்கும் இடமே தவறைத் திருத்திப் பிடித்துக்கொள்வது வேறு விஷயம். அந்த வாதத்தை முன்னால் வைத்தால் உங்கள் நல்ல வாதங்கள் பின்னால் போய்விடும். வேண்டாம்.

உறுதிமொழிதான் அவர்களுடைய வலுவான ஆயுதம், மறைக்க விரும்பவில்லை. 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில், ஊதியத் திருத்தத்தின்போது திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்த ஒரு நீதித்துறை அதிகாரியிடம் பிடிக்கலாம், நியாயமான தவணையில் பிடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவர் உயர்பதவி அதிகாரி. எழுதிக் கொடுத்தது அந்தக் குறிப்பிட்ட ஊதியத் திருத்தத்துக்காக. கணக்குத் தொடங்கும்போது எல்லா விதவைகளிடமும் வாங்கும் அச்சடித்த படிவத்துக்கும் அதற்கும் வேறுபாடு உண்டு என்று வாதாட இடம் இருக்கிறது. எதற்கும் அந்த உறுதிமொழியின் நகலைக் கேளுங்கள். "இருக்கிறது" என்று வாயால் சொல்வதற்கும் தாளைக் காட்டுவதற்கும் தூரம் அதிகம். பொதுத்துறை வங்கி என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

எந்த வரிசையில் போவது என்பதும் முக்கியம். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, இணையத்திலேயே போடலாம். வழக்கு ஏற்கெனவே தீர்ப்பாயத்திலோ நீதிமன்றத்திலோ இருந்தால் அவர் எடுக்க மாட்டார், அதனால் அதை முதலில் செய்யுங்கள். கூடவே ஓய்வூதியர் புகார்களுக்கான சி.பி.இ.என்.கிராம்ஸ் இணையதளத்தில் ஓய்வூதியர் நலத் துறைக்கு ஒரு புகார். இரண்டிலும் நடக்கவில்லை என்றால் சென்னையில் உள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.


நொய்யல்
4 ஆகஸ்ட் 2025, மாலை 6:20

இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. மாமியாரின் பதிவில் வயது ஆறு வருடம் குறைவாக இருந்தது. எண்பது ஆகி இரண்டு வருடம் கூடுதல் ஓய்வூதியம் வரவில்லை. நாங்கள்தான் அலைந்தோம். கணவரின் பழைய அலுவலகம், அங்கிருந்து சம்பளக் கணக்கு அலுவலகம், அங்கிருந்து டெல்லியில் சி.பி.ஏ.ஓ. என்ற மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம், பிறகு வங்கியின் மையம். திருத்திய ஆணை வரப் பதினேழு மாதம் ஆனது. நிலுவை கைக்கு வந்தபோது அத்தை படுத்த படுக்கை. வட்டி ஒரு ரூபாய் இல்லை.

அவர்கள் தர வேண்டிய பணத்துக்குப் பதினேழு மாதம், அவர்களுக்கு வர வேண்டிய பணம் என்றால் மூன்று வாரத்தில் பிடித்தம். வரிப்பணம், உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அந்த வரிப்பணத்தை யார் தவறவிட்டார்கள் என்ற கேள்வியை ஏன் 82 வயது அம்மாவிடம் மட்டும் கேட்கிறோம்?


வரிப்பணம்
4 ஆகஸ்ட் 2025, இரவு 10:02

நொய்யல், நீங்கள் கேட்பது சரி. தவறு செய்த இடமே அரசுக்குப் பணத்தைச் செலுத்த வேண்டும் என்ற விதி இருப்பது வக்கீல் சார் எழுதிய பிறகுதான் எனக்குத் தெரியும். அப்படியானால் பொதுப் பணம் காப்பாற்றப்படுகிறது, அம்மாவும் காப்பாற்றப்படுகிறார். என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் கடைசி 25 மாதத்துக்கான 10 சதவீதத்தை, இவ்வளவும் தெரிந்த பிறகு, நான் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.


பழைய கருவூலர்
5 ஆகஸ்ட் 2025, காலை 7:15

அது அந்தக் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. நாம் அதை அவர்கள்மேல் ஏற்ற வேண்டாம்.

தங்கச்சி, ஒரு சின்ன விஷயம். நீங்கள் வங்கிக்கு எழுதும்போது பிறந்த தேதியைத் திருத்துவதை எதிர்க்கவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். உண்மையான தேதி 3.3.1943, அதை இன்றே பதிவில் ஏற்றுங்கள், அதன்படி 2023 மார்ச்சிலிருந்து 20 சதவீதம் எனக்கு உண்டு என்று. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், உண்மையைத் தானே முன்வந்து சொல்லும் கடிதத்தை ஒதுக்கி வைக்க யாருக்கும் மனம் வராது.


கரந்தைமகள்
19 செப்டம்பர் 2025, மாலை 5:44

தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஒப்புதலில் கையெழுத்துப் போடவில்லை. மேலாளர் முகம் மாறியது. ஆனால் பி.பி.ஓ. நகலையும் ஐயா போட்ட கணக்கையும் மேசையில் வைத்ததும் அவரே இரண்டு முறை படித்துவிட்டு, "இது சரியாகத்தான் இருக்கிறது, மையத்துக்கு நானும் எழுதுகிறேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆகஸ்ட் மாதமும் 11,626தான் வந்தது. அந்த மாதம் தம்பி மாத்திரை வாங்கிக் கொடுத்தான். செப்டம்பர் 12 அன்று மையத்திலிருந்து பதில். தொகையை 1,98,585 ஆகக் குறைத்திருக்கிறார்கள். ஐயா, நீங்கள் சொன்ன அதே எண், ஒரு ரூபாய் மாறவில்லை. 20 சதவீதத்தைத் திரும்பச் சேர்ப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிடித்தம் தொடரும் என்கிறார்கள். துறையிடம் வழிகாட்டுதல் கேட்டீர்களா என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. உறுதிமொழியின் நகலும் தரவில்லை.

குறைதீர்ப்பாளருக்கு நேற்று இணையத்தில் புகார் போட்டுவிட்டேன். பதில் சொல்லாத அந்த இரண்டு கேள்விகளையும் அப்படியே எழுதினேன்.


தேரி ஆசிரியை
19 செப்டம்பர் 2025, இரவு 7:30

94,320 ரூபாய் ஒரு கையெழுத்தில் போயிருக்கும். அம்மா எப்படி இருக்கிறார்?


கரந்தைமகள்
19 செப்டம்பர் 2025, இரவு 8:03

தூங்குகிறார் அக்கா. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு மாத்திரை இல்லாமல் தூங்குகிறார்.


கரந்தைமகள்
6 டிசம்பர் 2025, காலை 11:20

கடைசி விவரம். இதேபோல யாராவது தேடிக்கொண்டு வருவார்கள், அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலிருந்து வங்கிக்குக் கேள்வி போன பிறகு வேகமாக நடந்தது. உறுதிமொழிப் படிவம் அவர்களிடம் கிடைக்கவில்லை. துறையின் முடிவு வரும்வரை பிடித்தத்தை நிறுத்துவதாக வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டது. இரண்டு மாதம் பிடித்ததையும், அந்த இரண்டு மாதம் நிறுத்திய 20 சதவீதத்தையும் சேர்த்து 18,600 ரூபாய் கணக்கில் ஏற்றினார்கள். நவம்பர் மாத ஓய்வூதியம் 58 சதவீத டி.ஏ.வோடு 21,330.

1,98,585க்கான தள்ளுபடி விண்ணப்பம் அப்பாவின் துறை வழியாகப் போயிருக்கிறது. 2016 குறிப்பாணையின் தேதியைப் போட்டு, கே.ஒய்.சி. நகலையும் இணைத்தோம். முடிவு வரவில்லை. எதிராக வந்தால் தீர்ப்பாயம் போவோம், சட்ட உதவி மையத்தில் ஒரு வழக்கறிஞர் கோப்பைப் படித்து வைத்திருக்கிறார்.

போன மாதம் தபால்காரர் வீட்டுக்கே வந்து அம்மாவின் உயிர்வாழ்வுச் சான்றைக் கைரேகை வைத்து எடுத்தார். அம்மா அவரை விடவில்லை. "அதுல என் பொறந்த தேதி என்னன்னு இருக்கு, படி" என்றார். அவர் படித்தார். "இன்னொரு தடவ படி" என்றார்.


அரசலாறு
8 டிசம்பர் 2025, இரவு 9:15

கரந்தைமகள் அக்கா, என் பெரியம்மாவுக்குச் சென்ற வாரம் இதே மாதிரி கடிதம் வந்திருக்கிறது. வங்கிக்கு நீங்கள் எழுதிய முதல் கடிதத்தின் வாசகத்தை இங்கே போட முடியுமா? பெயர், எண் எதுவும் வேண்டாம்.


கரந்தைமகள்
8 டிசம்பர் 2025, இரவு 10:31

போடுகிறேன் தம்பி. முதலில் பெரியம்மாவின் பி.பி.ஓ.வைத் தேடி எடு, அதில் அவருடைய பிறந்த தேதியும் பெரியப்பாவின் தேதியும் என்ன என்று பார்.

"எனது சரியான பிறந்த தேதி 3.3.1943. இது என் கணவரின் ஓய்வூதிய ஆணையிலும், தங்கள் வங்கிக்கு 2014இல் நான் அளித்த ஆவணங்களிலும் உள்ளது. அதனைத் தங்கள் ஓய்வூதியப் பதிவில் உடனே திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறான தேதி எவ்வாறு, எந்த நாளில், யாரால் பதிவு செய்யப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும். சேர வேண்டியதையும் கொடுக்கப்பட்டதையும் மாதவாரியாகக் காட்டும் அறிக்கை தரவும். கூடுதல் தொகையைப் பிடிப்பது குறித்துத் துறையிடம் பெற்ற வழிகாட்டுதலின் நகலைத் தரவும். இவை கிடைக்கும்வரை எந்தத் தொகையையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிடித்தம் செய்ய என் சம்மதம் இல்லை."

இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போ. ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதே.